ஏழாயிரம் அடிக்கு ஒரு ‘சரி’

ஐயா,

எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. காற்றடித்தால் தாள் பறக்கிறது. இடது கையால் தாளை அமுக்கிக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். ஆகவே கையெழுத்து அங்கங்கே நடுங்கியிருந்தால் அதைக் குற்ற உணர்ச்சி என்று விசாரணைக் குழு எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வெறும் காற்று.

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். ஒரு சொல் பொய்யானாலும் அவை அத்தனையும் கொட்டிப் போகட்டும். இரண்டு பல் ஏற்கெனவே ஆடுகிறது. அது போன வருஷத்திலிருந்தே ஆடுகிறது. இந்த வாக்குமூலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் விமான நிலையத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறப் பார்த்தன. அன்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியில் இருந்தவள் என் மகள். அவளுடைய உரிமத்தை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தருவதா, ஒரேயடியாகப் பறித்துவிடுவதா என்று அடுத்த வாரம் முடிவு செய்யப் போகிறீர்கள். ‘நான்தான் செய்தேன்’ என்று அவளும் எழுதிக் கொடுத்துவிட்டாள். தயவுசெய்து அவள் பேச்சை நம்பாதீர்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்மை பேசும் பழக்கம் உண்டு. அது அவள் அம்மா வழி வந்த குறை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், திருந்தவில்லை.

செய்தது நான். தெரிந்தே செய்தேன்.

குழுவில் ஒரு வக்கீலும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்காகக் கொஞ்சம் தொழில் விளக்கம். ஒரு விமானம் கிளம்புவதற்கு முன் கோபுரத்திலிருந்து அதற்கு வழி சொல்ல வேண்டும். மேலே போனதும் எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு உயரம் ஏறி நிற்பது, அடுத்து யாரிடம் பேசுவது என்றெல்லாம். இதற்குக் கிளியரன்ஸ் என்று பெயர். நாங்கள் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரியாக இருந்தால் நாங்கள் ‘சரி’ என்போம். தப்பாக இருந்தால் திருத்துவோம். தொழில் அவ்வளவுதான். இதற்குப் போய் எங்களை இவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். ரேடியோவில் பேசும் பாஷை வேறு. இங்கே நம் வீட்டுப் பாஷையிலேயே எழுதுகிறேன்.

இந்த வேலையில் நான் சேர்ந்ததற்குக் காரணமே அந்தத் திருப்பிச் சொல்லும் வழக்கம்தான். ஐந்து அண்ணன்மாருக்குப் பின்னால் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் நான் சொன்னதை யாரும் முதல் தடவையே காதில் வாங்கியதில்லை. திருப்பிச் சொல்வது எங்கே. ‘தாகமாக இருக்கிறது’ என்று சொன்னால் தண்ணீர் வருவதற்குள் மழையே வந்துவிடும். கோபுரத்தில் முதல் நாள், மீசை வைத்த ஒரு பெரிய விமானி, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் மரியாதையாகத் திருப்பிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் என் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு என் கிளியரன்ஸ்கள் கொஞ்சம் நீளமாயின. அதை மறைக்கப் போவதில்லை. ஒரு முறை நான் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அந்த விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது. மாற்று விமானி ஏணியில் ஏறி வந்து, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடிவில் நான் ‘சரி’ என்றபோது பயணிகளில் பாதிப் பேர் ரயிலில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோபுரத்தில் எனக்கு ‘ரீல் சார்’ என்று பெயர் வைத்தார்கள். பேச்சைப் பதிவு செய்யும் நாடாச் சுருளை நான் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டதால் வைத்த பெயர் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

வீட்டிலும் அந்த வழக்கத்தைக் கொண்டுவர முயன்றேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள், “மோட்டார் போடு, தொட்டி நிரம்பினதும் நிறுத்து, மாடிக் கதவைப் பூட்டு” என்று மனைவியிடம் சொன்னேன்.

“சரி” என்றாள்.

“சரின்னு நான்தான் சொல்லணும். நீ திருப்பிச் சொல்லணும்.”

“நான் என்ன ஆகாயத்துலயா நிக்கிறேன்? அடுப்பு முன்னாடி நிக்கிறேன்.”

“திருப்பிச் சொன்னாத்தான் அனுமதி.”

“அனுமதி குடுக்கிறவரு முதல்ல கீழ இறங்கி வந்து இந்தக் குப்பையைக் கொட்டிட்டு வாங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

திருப்பிச் சொன்னேன். அவள் ‘சரி’ என்றாள். எங்கள் வீட்டில் கோபுரம் யார், விமானம் யார் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

இனி குற்றத்தின் காரணத்துக்கு வருகிறேன்.

அந்த விமானிக்கு நான் வைத்திருந்த பெயர் முந்திரிக்கொட்டை. அவருடைய உண்மையான பெயர் உங்களிடம் இருக்கும். நான் வேலையில் இருந்தபோது அவர் இளம் துணை விமானி. இப்போது தலைமை விமானி. தினமும் அதே விமானம், அதே திசை, ஆகவே அதே கிளியரன்ஸ். வலது பக்கம் திரும்பி ஏழாயிரம் அடி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், “வலது, ஏழாயிரம், அதானே சார்?” என்பார். பழம் உள்ளே இருக்கும்போதே கொட்டை வெளியே வந்துவிடும்.

அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்கிறவனைத் திருத்தலாம். முந்திச் சொல்கிறவனை என்ன செய்வது? கதை சொல்கிறவன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும், எதிரே இருப்பவர்கள் மூச்சைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகு சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவன் புகுந்து முடிவைச் சொல்லிவிட்டால், நம் மிச்ச வாழ்க்கைக்கு நாம் எதற்கு?

நான் ஓய்வு பெற்ற நாளில் கீழ்த்தளத்து உணவறையில் எனக்கு ஒரு விடைகொடுக்கும் கூட்டம் வைத்தார்கள். விமானிகளும் வந்திருந்தார்கள். என்னுடைய மூடுபனிக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அன்று பனி எவ்வளவு அடர்த்தி என்றால், விமானத்தின் மூக்கு என் ஜன்னலைத் தாண்டிப் போன பிறகு அதன் வாலுக்காக நான் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே காத்திருந்தேன். கடைசியில் வால் வந்தது. ஆனால் அது... இந்த இடத்தில் நான் நிறுத்தினேன். நிறுத்த வேண்டிய இடம் அது. பின்வரிசையிலிருந்து முந்திரிக்கொட்டை, “வேற விமானத்தோட வால், அதானே சார்?” என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. என் கதைக்கு அவ்வளவு சிரிப்பு அதுவரை வந்ததில்லை. அது எனக்கு வந்த சிரிப்பு அல்ல. கழுத்தில் மாலையும் கையில் ஒரு சுவர்க் கடிகாரமுமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிஷம் மனதில் ஒன்று முடிவாயிற்று: இந்த ஆள் ஒரே ஒரு தடவை தப்பாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதை உலகம் கேட்க வேண்டும்.

இதற்காக ஒருவன் விமானத்தை மோதவிடுவானா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். மோதவிடுவான் என்றுதான் தோன்றுகிறது. சோம்பேறியாக இருந்தால் காத்திருந்து மோதவிடுவான். நான் காத்திருந்தேன்.

அன்று மகள் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் காவலாளி என்னைத் தடுக்கவில்லை. நான் வரவே இல்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த நேரத்தில் அவர் கண்ணயர்ந்திருந்தார் என்று பொருள்; பிள்ளைகுட்டிக்காரர், அவரை ஒன்றும் செய்யாதீர்கள். லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. படியேறினேன். நடுவழியில் ஒரு முறை உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். குற்றம் செய்யக் கிளம்புகிறவனுக்கு மனசு கல்லாக இருந்தால் மட்டும் போதாது, முழங்காலும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மலைப்பக்கம் கருமேகம் கவிந்திருந்தது. மேகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு விமானம் ஐயாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை கீழேயிருந்து கிளம்புகிற எதுவும் அந்த உயரத்துக்குப் போகக் கூடாது. ஆகவே மகள் அன்று முந்திரிக்கொட்டைக்கு ஏழாயிரம் தரவில்லை. வலது பக்கம் திரும்பி மூவாயிரத்தில் நில் என்றாள். தெளிவாகச் சொன்னாள். பதிவிலும் அது தெளிவாக இருக்கிறது. கோபுரத்தில் பிறந்தவள்போலச் சொன்னாள்.

அந்த நொடியில் நான் அவளிடம், “கீழ உங்கம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டா” என்றேன். அவள் எழுந்து ஓடினாள். இருக்கையை விட்டு எழுந்தது அவள் தப்பல்ல. பெற்ற தாய் விழுந்துவிட்டாள் என்றால் நீங்களும் எழுந்திருப்பீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அது இன்னும் சூடாக இருந்தது.

முந்திரிக்கொட்டை திருப்பிச் சொன்னார். எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாகச் சொன்னதைத்தான் சொன்னார். “வலது, ஏழாயிரம்.”

இங்கே நான் இரண்டில் ஒன்று செய்திருக்கலாம். ‘இல்லை, மூவாயிரம்’ என்று சொல்லியிருந்தால், அவர் ‘ஓ, மூவாயிரம்’ என்றிருப்பார். தினமும் எத்தனையோ தடவை நடப்பதுதான். உலகம் அதைக் கேட்டிருக்காது. நான் பொத்தானை அழுத்தி ‘சரி’ என்றேன்.

அந்த விமானத்தில் எத்தனை பேர் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. எதிரே வருவதில் எத்தனை பேர் என்றும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் ஒரு தடவை அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பது மட்டும் இனிப்பாக இருந்தது. ஜன்னல் வழியாக அது ஓடுபாதையில் ஓடி மேலே எழும்புவதைப் பார்த்தேன். அழகான புறப்பாடு. அதில் குறை சொல்ல முடியாது.

மேலே நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு விமானங்களிலும் எச்சரிக்கை மணி அடித்தது. ஒன்று மூக்கைக் கீழே குத்தியது, மற்றது மேலே தூக்கியது. எவ்வளவு நெருக்கம் என்றால், இந்த விமானத்தில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள், அந்த விமானத்தில் ஒருவர் கையிலிருந்த குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டத்தை மனசுக்குள் நிரப்பிவிட்டாராம். விடையும் பொருந்தியதாம். கீழே குத்திய விமானத்தில் நடைவழியில் நின்ற பணிப்பெண் ஒருவர் கூரையில் மோதி விழுந்தார். தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்தது. அந்தக் கை பழையபடி மேலே தூக்க வருமா என்று டாக்டர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசியாகச் சொன்னதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

குழுவுக்குச் சில சந்தேகங்கள் வரலாம். முன்கூட்டியே பதில் தந்துவிடுகிறேன்.

கிளியரன்ஸுக்கும் அந்தச் ‘சரி’க்கும் நடுவில் அவள் எழுந்து ஓடி நான் உட்காரும் அளவுக்கு இடைவெளி பதிவில் இல்லை, ஒரு மூச்சளவுதான் இருக்கிறது என்பீர்கள். மகள் வேகமாக ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். பக்கத்து மேசையில் இருந்த வானிலைக்காரர் என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பார். மேகத்தைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவர் கடமையைச் செய்தார், என்னைப் பார்க்கவில்லை.

பதிவில் அது பெண் குரலாக இருக்கிறதே என்பீர்கள். ஒரே ஒரு சொல் ஐயா. ஒரு சொல்லை வைத்து ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது? தவிர என் குரல் இளம் வயதிலிருந்தே மென்மையானது. தொலைபேசியில் எல்லாரும் என்னை ‘மேடம்’ என்பார்கள். ஒரு முறை மின்சார அலுவலகத்துக்குப் பேசியபோது, ‘வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?’ என்று கேட்டார்கள். ‘இருக்கிறார், ஆனால் உபயோகமில்லை’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி மயங்கி விழுந்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்கலாம். இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவளே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். “நான் எப்ப விழுந்தேன்?” என்றாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மேலே இருக்கும் பக்கங்களையும் எடுத்துப் படித்தாள். அதில் குப்பை கொட்டிய இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உங்க கதையை நம்பறதுக்கு ஒரு கிறுக்கனாவது அந்தக் குழுவுல இருக்கணுமே” என்றாள். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “சரி, விழுந்தேன்னே எழுதுங்க. எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லிடுங்க. கேட்டா மாத்திச் சொல்லிடப் போறேன்.” ஆகவே அவள் சாட்சி சொல்லத் தயார். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விழுந்தாள் என்பதைக் குழுவே தீர்மானித்துத் தெரிவித்தால், அப்படியே விழுந்ததாகச் சொல்வதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

இனி என் மகள் கொடுத்த வாக்குமூலம். அது ஏன் செல்லாது என்று சொல்கிறேன்.

அன்று பணி முடியும் முன்பே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் செருப்போடு உள்ளே வந்தால் அவள் அம்மா அண்டை வீடுவரை கேட்கிற மாதிரி கத்துவாள். அன்று கத்தவில்லை.

“நான் மூவாயிரம்னுதான்ப்பா சொன்னேன்” என்றாள். “அவரு தப்பாச் சொன்னாரு. பதிவைப் போட்டுக் காட்டினாங்க, ஏழாயிரம்னு பளிச்சுனு இருக்கு. நான் கேக்கவே இல்லப்பா. அவரு குரல் நின்னுச்சு. உடனே என் வாய் தானா சரின்னுடுச்சு. கடலுக்குள்ள போறேன்னு அவரு சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

“முதல்ல சாப்பிடு” என்றாள் அவள் அம்மா.

“அந்தப் பொண்ணு கை தூக்க வராதாம்மா.”

மனைவி என் பக்கம் திரும்பி, “இப்படிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, அவகிட்ட ஏதாவது...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அந்தப் பணிப்பெண்ணுக்குத் தலை வாரிவிட்டு வருகிறாள். ஒரு கையால் சடை பின்ன முடியாதல்லவா. “என்னைத் திட்டவே மாட்டேங்குது அந்தப் பொண்ணு. ஒரு தடவை திட்டினா நல்லா இருக்கும்” என்றாள் நேற்று.

அவள் சொன்னதைக் குழு நன்றாகக் கவனிக்க வேண்டும். ‘என் வாய் தானா சரின்னுடுச்சு’ என்கிறாள். வாய் தானாகப் பேசாது ஐயா. யாரோ பேசக் கற்றுக்கொடுத்ததைத்தான் பேசும். யார் என்பதுதான் கேள்வி.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் காலையில் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று புறப்பட அனுமதி கேட்பாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கிளியரன்ஸ் கொடுப்பேன். படியிறங்கி இடது பக்கம், நாய் இருக்கும் வீட்டைத் தாண்டும்வரை ஓடாதே, மணி அடிக்கும் முன் உள்ளே போ. அவள் திருப்பிச் சொல்வாள். குரல் நின்றதும் ‘சரி’ என்பேன். ஒரு நாள் அவள், “படியிறங்கி வலது பக்கம், நாய் மேல ஏறி உக்காந்து, நேரா நிலாவுக்குப் போறேன்” என்றாள். நான் ‘சரி’ என்றேன். பக்கம் திருப்பினேன். அவள் வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா வந்து செய்தித்தாளைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நானும் சிரித்தேன். அன்றே கோபுரத்தில் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் யாரும், நீ கோபுரத்திலும் இப்படித்தானா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். பெருமையாகவே சொல்லியிருப்பேன். என் ‘சரி’ நாட்டிலேயே வேகமானது. விமானி கடைசிச் சொல்லை முடிக்கும்போதே அது கிளம்பிவிடும். எங்கள் கோபுரத்தில் புறப்பாடு தாமதமானதில்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வரும். முந்திரிக்கொட்டையை முந்திரிக்கொட்டை என்றேனே, அவர் எனக்கு முன்னால் பேசினார், நான் அவரைக் கேட்பதற்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே இத்தனை வருஷம் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். வானிலையும் எங்களோடு ஒத்துழைத்தது.

ஒரு முறை மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஒரு விமானி வலது என்பதற்கு இடது என்று திருப்பிச் சொன்னார். நான் ‘சரி’ என்றேன். அவர் மேலே போய் இடது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் அன்று யாரும் இல்லை. ஒரு கொக்குக் கூட்டம் மட்டும் இருந்தது. அந்த நிகழ்ச்சியை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முதலில் கொக்குகள் விலகிப் போயின. அப்புறம் அவை சிறகால் வழிகாட்டின. கடைசிப் பதிப்பில் தலைமைக் கொக்கு ரேடியோவில் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டது. மகளுக்கு ரொம்பப் பிடித்த கதை அது. கோபுர வேலையில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்ததே அந்தக் கொக்கால்தான் என்று அவள் அம்மா சொல்வாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எதையாவது சேர்த்துக்கொண்டே வந்தேன். ‘அது தப்பு’ என்பதை மட்டும் ஒரு தடவைகூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, பதிவில் இருக்கும் அந்தச் ‘சரி’ என்னுடையது. வேகத்தைக் கவனியுங்கள். விமானியின் கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது பாருங்கள். பழைய நாடாக்கள் எங்காவது கிடந்தால் எடுத்துப் போட்டுக் கேளுங்கள். நூறு தடவை அதே ‘சரி’ இருக்கும். அதை வேறு யாரும் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லியிருந்தால் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதாகத்தான் இருக்கும்.

தண்டனையை எனக்குக் கொடுங்கள். மகளின் உரிமத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். இது தகப்பன் பாசம் அல்ல, தொழில் யோசனை. இனிமேல் அந்தக் கோபுரத்தில் அவளைப்போல ஒவ்வொரு சொல்லையும் கேட்கிற காது உங்களுக்குக் கிடைக்காது. இப்போது அவள் வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட அவள் அம்மா திருப்பிச் சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படிப்பட்டவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இதுவரை தப்பே செய்யாத ஒருவரை அங்கே உட்கார வைத்தால், அந்த விமானங்களில் நான் ஏற மாட்டேன்.

வாக்குமூலம் எழுதித் தருகிறவர்கள் குழு முன் நேரில் வந்து அதை வாய்மொழியாகவும் உறுதிப்படுத்த வேண்டும் என்று உங்கள் செயலாளர் தொலைபேசியில் என் மனைவியிடம் சொன்னதாக அறிந்தேன். நேரில் வருகிறேன், ஆனால் எழுதித்தான் தர முடியும்: தொண்டையில் வந்த கட்டிக்காக என் குரல்வளையை எடுத்து இந்த மழைக்காலத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்ததில்லை.